தண்ணீர் வடிந்த பிறகு யார் கணக்கு எடுப்பது?

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். கதவுப் பக்கத் தட்டில், முட்டைக்கும் ஊறுகாய் பாட்டிலுக்கும் நடுவே ஒரு சின்ன அட்டைப் பெட்டி இருக்கிறதா? அப்பாவுடைய இன்சுலினாக இருக்கலாம். மாமியாருடையதாக இருக்கலாம். இப்போது கரண்ட் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு இல்லை, இரண்டு மூன்று வாரத்துக்கு. ரோடும் கிடையாது. போன் கிடையாது. மெடிக்கல் ஷாப் இருந்த தெருவே கிடையாது. என்ன செய்வீர்கள்?

"அதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்காதீர்கள். நடந்தது. அதுவும் அமெரிக்காவில். கடல் வாடையே அடிக்காத ஒரு மலை ஊரில்.

வட கரோலினா மாநிலத்தின் மேற்குக் கோடியில், மலைகளுக்கு நடுவே லேக் லூர் என்று ஓர் ஏரி இருக்கிறது. ஏரிக்கும் அதே பேர், ஊருக்கும் அதே பேர். ஊரில் ஆயிரத்து முந்நூறு சொச்சம் பேர்தான் நிரந்தரமாக வசிக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மிச்சக் காலத்தை அமைதியாகக் கழிக்கலாம் என்று வந்து சேர்ந்தவர்கள் அதில் நிறைய. ஏரிக்கு மேலே, ஆற்றங்கரையை ஒட்டினாற்போல சிம்னி ராக் என்று இன்னொரு குட்டி கிராமம். அங்கே சுமார் 140 பேர். நம் ஊரில் ஒரு அபார்ட்மெண்ட் பிளாக்கில்கூட இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்!

இந்த ஏரி இயற்கையாக வந்ததல்ல. அதன் கதை ஒரு டாக்டரிடமிருந்து தொடங்குகிறது. லூசியஸ் மோர்ஸ் என்று பெயர். அவருக்கே டி.பி. அந்தக் காலத்தில் அந்த நோய்க்கு மாத்திரை ஏது? மலைக் காற்றுதான் மருந்து. அதைத் தேடி வந்தவர் இந்தப் பள்ளத்தாக்கில் மயங்கி, 1902-ல் சகோதரர்களோடு சேர்ந்து சிம்னி ராக் மலையை வாங்கினார். கீழே ஓர் ஏரி வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1920-களில் ஆற்றுக்குக் குறுக்கே அணை எழும்பியது. சுமார் 720 ஏக்கரில் ஏரி நிரம்பியது. 1987-ல் வந்த 'டர்ட்டி டான்ஸிங்' என்ற பிரபலமான ஹாலிவுட் படத்தின் ஏரிக் காட்சி எடுக்கப்பட்டது இங்கேதான்.

ஆக, ஆரோக்கியத்தைத் தேடி வந்தவர் உண்டாக்கிய ஊர். பக்கத்தில் இருக்கும் ஆஷ்வில் நகரமும் அப்படித்தான். ஒரு காலத்தில் டி.பி. நோயாளிகளுக்கான சானடோரியங்களுக்குப் பெயர் போனது. அண்மைக் காலத்தில்கூட "புயலா, கடல் மட்டமா, அனல் காற்றா... எந்தத் தொல்லையும் இல்லாத இடம்" என்று சொல்லிச் சொல்லியே பலர் அங்கே குடியேறினார்கள். 1916 ஜூலையில் இதே பகுதியில் பெருவெள்ளம் வந்து மலை சரிந்ததை யார் நினைவில் வைத்திருந்தார்கள்? நூறு வருஷம் ஆனால் தாத்தா பெயரே மறந்து போகிறது.

2024 செப்டம்பர் 26 இரவு, ஹெலீன் என்ற சூறாவளி ஃப்ளோரிடா கரையில் ஏறியது. மணிக்கு 225 கி.மீ. வேகக் காற்று. அந்த இடத்திலிருந்து லேக் லூருக்கு நேர்கோட்டில் பார்த்தாலும் சுமார் 600 கி.மீ. இருக்கும். ஆனால் புயல் வருவதற்கு முன்பே மலைகளில் கனமழை கொட்டி மண் ஊறிப் போயிருந்தது. அதன் மேல் புயலின் மழையும் சேர்ந்தது. கடல் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் மோதினால் மேலே ஏறித்தானே ஆக வேண்டும்? ஏறினால் குளிரும், குளிர்ந்தால் கொட்டும். அந்த மலைப் பகுதியில் பூசிக் என்ற இடத்தில் மட்டும் சில நாட்களில் 30 அங்குலத்துக்கு மேல் பெய்தது.

27-ஆம் தேதி காலை, சிம்னி ராக் கிராமத்தின் கடைத்தெருவில் பாதியை ஆறு வாரிக்கொண்டு போனது. பாலம் போனது. ரோடு போனது. கடை, வீடு, மரம், எரிவாயு சிலிண்டர்கள், படகுத்துறை மேடை எல்லாம் அடித்துக்கொண்டு வந்து லேக் லூரில் சேர்ந்தன. ஏரியில் தண்ணீரே தெரியாமல் மரக்கட்டைகள் பாய் விரித்தாற்போல மிதந்த படத்தை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அணைக்கு மேலாகத் தண்ணீர் வழிந்தது. 'அணை உடையப் போகிறது' என்று வானிலைத் துறையே அவசர எச்சரிக்கை விட, கீழே இருந்தவர்கள் மேட்டுக்கு ஓடினார்கள். நல்ல வேளை, ஓரங்கள் அரித்தாலும் அணை நின்றுவிட்டது.

நம் பிள்ளைகள் பலர் சார்லட்டிலும் ராலேயிலும் வேலையில் இருக்கிறார்கள். சார்லட்டிலிருந்து லேக் லூர் காரில் இரண்டு மணி நேரத் தூரம்தான். அந்த வாரம் இங்கிருந்து எத்தனை பெற்றோர் "நீ எங்கேடா இருக்கே?" என்று போன் போட்டிருப்பார்கள்! "நாங்க நல்லா இருக்கோம்மா" என்று பதில் வந்ததும் நிம்மதியாகி, சேனலை மாற்றிவிட்டோம்.

அந்தச் சேனல் மாற்றுகிற பழக்கத்தைப் பற்றித்தான் உங்களிடம் கொஞ்சம் சண்டை போட வந்திருக்கிறேன்.

புயல் என்றால் நமக்கு இரண்டு நாள் செய்தி. இத்தனை பேர் பலி, இத்தனை வீடு சேதம், அமைச்சர் பார்வையிட்டார், நிவாரணம் அறிவிப்பு. முடிந்தது. நோயைப் பற்றி எழுதுகிற எங்களைப் போன்றவர்களும் சளைத்தவர்கள் இல்லை. "தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், கொசுவலை கட்டுங்கள்" என்று மழைக்கு மழை அதே கட்டுரையைத் தேதி மாற்றிப் போடுகிறோம். அது தப்பான அறிவுரை என்று சொல்லவில்லை. ஆனால் வெள்ளத்தால் சாகிறவர்கள் எல்லோரும் வெள்ளத்தில் சாவதில்லை. வயிற்றுப்போக்கில் சாவதும் இல்லை. அவர்கள் மெதுவாக, வீட்டுக்குள், நாலு மாதம் கழித்து, யாருக்கும் சந்தேகமே வராத மாதிரி சாகிறார்கள்.

ஆதாரம் வேண்டுமா? 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கியது. இறந்தவர்கள் 64 பேர் என்று அரசாங்கம் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்களை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். அடுத்து வந்த பிப்ரவரி வரைக்கும் வழக்கமாக எத்தனை பேர் இறந்திருப்பார்கள், நிஜத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கழித்துப் பார்த்தால்... 2,975! அரசாங்கமும் 2018 ஆகஸ்டில் அதையே ஒப்புக்கொண்டது. 64 எங்கே, 2,975 எங்கே?

இன்னொன்று. லேக் லூரில் வெள்ளம் வந்த சில நாட்களிலேயே, 2024 அக்டோபர் 2 அன்று, 'நேச்சர்' இதழில் ரேச்சல் யங், சாலமன் சியாங் என்ற இருவரின் ஆய்வு வெளியானது. 1930 முதல் 2015 வரை அமெரிக்காவைத் தாக்கிய 501 புயல்களை எடுத்துக்கொண்டார்கள். அரசுக் கணக்கில் ஒரு புயலுக்குச் சராசரி 24 மரணம். இவர்கள் கணக்கிலோ, புயலுக்குப் பிந்திய பதினைந்து வருஷங்களில் ஒரு புயலுக்கு 7,000 முதல் 11,000 வரை கூடுதல் மரணங்கள். அதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் கைக்குழந்தைகள். அந்தக் குழந்தைகளில் பலர் புயல் அடித்தபோது பிறக்கவில்லை என்பது மட்டுமில்லை, கருவிலேயே இல்லை! சேமிப்பு கரைந்து, வேலை போய், டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போட்டு, அம்மா சரியாகச் சாப்பிடாமல்... என்று ஒரு சங்கிலி போயிருக்க வேண்டும் என்பது அவர்கள் ஊகம்.

இது ஓர் உத்தேசக் கணக்குதான். அந்த ஏழாயிரம் பேரின் பெயர்ப் பட்டியல் யாரிடமும் இல்லை. "மாரடைப்பு வந்த கிழவருக்கும் எப்போதோ அடித்த புயலுக்கும் முடிச்சுப் போடுவதா?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். கேட்கட்டும், நியாயமான கேள்விதான். ஆனால் பெயர்ப் பட்டியல் இல்லாததற்குக் காரணம், யாரும் எழுதி வைக்கவில்லை என்பது. மரணச் சான்றிதழில் புயலையும் ஒரு காரணமாக எப்படிக் குறிப்பது என்று டாக்டர்களுக்கு அமெரிக்க சி.டி.சி. 2017-லேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஆனால், நாலு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் எழுதுகிற டாக்டருக்கு இவர் வீட்டில் தண்ணீர் புகுந்த கதை எப்படித் தெரியும்? யாராவது சொன்னால்தானே!

ஹெலீனால் இறந்தவர்கள் குறைந்தது 250 பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வட கரோலினாவில் மட்டும் நூற்றுக்கு மேல். அந்த மலை ஊர்களில் அடுத்து நடந்ததை வைத்து, இந்த எண் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீர். ஆஷ்வில் நகரத்துக்கு வருகிற பெரிய குழாய்கள் மண்ணோடு போய்விட்டன. நீர்த்தேக்கம் சேறாகிவிட்டது. குழாய்த் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கலாம் என்று சொன்னது நவம்பர் 18-ல்தான். 53 நாள்! நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரி தன் வளாகத்திலேயே ஆழ்துளைக் கிணறு தோண்ட வேண்டி வந்தது. மலை வீடுகளில் பாதிப் பேருக்குச் சொந்தக் கிணறு என்கிற மாதிரி நிலை. அதில் என்ன கலந்தது என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. மாநில அரசு இலவசமாகப் பரிசோதித்துக் கொடுத்தது, பாராட்ட வேண்டும். லேக் லூரில் இன்னொரு சங்கடம். ஏரி நிரம்புவதற்கு முன்பு, 1920-களில், ஊரின் கழிவுநீர்க் குழாய்களை ஏரியின் தரையிலேயே பதித்துவிட்டார்கள். அன்றைக்கு அது சாமர்த்தியமாகத் தெரிந்திருக்கும்.

அடுத்தது கரண்ட். மூச்சுத் திணறல் உள்ளவர்கள் வீட்டில் வைத்திருக்கும் ஆக்ஸிஜன் மெஷின் பிளக்கில் செருகினால்தான் ஓடும். கரண்ட் இல்லையே என்று ஜெனரேட்டரை வராந்தாவிலோ கார் ஷெட்டிலோ ஓடவிட்டுத் தூங்கப் போனால், அந்தப் புகையில் மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அமெரிக்காவில் பெரிய புயல் ஒவ்வொன்றுக்குப் பிறகும் இப்படிக் குடும்பம் குடும்பமாகச் சாகிறார்கள். படித்தவர்கள்தான். நீச்சல் தெரிந்தவர்கள்கூட இருந்திருப்பார்கள்.

ரோடு இல்லாத இடங்களுக்கு மருந்து எப்படிப் போனது தெரியுமா? கோவேறு கழுதை முதுகில். ஹெலிகாப்டர் வைத்திருக்கிற தேசத்தில், இன்சுலின் கழுதை மேல் போயிற்று. கிண்டலாகச் சொல்லவில்லை, அந்தக் கழுதைக்காரர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். சேறு நிறைந்த ஒற்றையடிப் பாதையில் போக அவற்றால்தான் முடிந்தது.

இன்னும் கேளுங்கள். லேக் லூருக்கு வடக்கே, பக்கத்து மாவட்டத்தில் நார்த் கோவ் என்ற இடத்தில் பாக்ஸ்டர் நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் 'டிரிப்ஸ்' ஏற்றுகிறார்களே, அந்தப் பைகள் தயாராகும் இடம். அமெரிக்காவுக்குத் தேவையானதில் சுமார் 60 சதவீதம் இந்த ஒரே இடத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 15 லட்சம் பைகள். வெள்ளம் உள்ளே புகுந்தது, வெளியே பாலம் போனது, உற்பத்தி நின்றது. விளைவு? ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்த ஆஸ்பத்திரிகள்கூட அவசரமில்லாத ஆபரேஷன்களைத் தள்ளிப் போட்டன. "வாயால் குடிக்க முடிந்தவர்களுக்கு டிரிப்ஸ் வேண்டாம்" என்று சிக்கனம் பிடித்தன. வீட்டிலேயே வயிறு வழியாக டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கான திரவமும் அங்கேதான் தயாரானது, அதற்கும் ரேஷன். அக்டோபர் கடைசியில்தான் முதல் வரிசை மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. ஒரு மலை ஆறு பொங்கியதற்கு, புயலே எட்டிப் பார்க்காத ஊரில் இருக்கும் நோயாளி காத்திருக்க வேண்டியிருந்தது. எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைத்த புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல!

இதில் என் கட்சி என்னவென்று கேட்டால், வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்கிறேன். புயல் நிவாரணம் என்பது பதினைந்து நாள் முகாமோடு முடியக் கூடாது. தண்ணீர் புகுந்த தெருவில் சர்க்கரை, பிரஷர், சிறுநீரகம், வலிப்பு, கர்ப்பம் என்று யார் யார் இருக்கிறார்கள் என்ற ஒரு பட்டியலோடு, ஒரு நர்ஸ் ஆறு மாதம் வீடு வீடாகப் போக வேண்டும். அவர்களில் யாராவது இறந்தால் அதையும் எழுதி வைக்க வேண்டும். "இத்தனை பேர் பலி" என்று முதல் வாரத்திலேயே கணக்கை மூடிவிட்டால், அடுத்த புயலுக்குப் பணம் ஒதுக்குகிறவர் அந்தச் சின்ன எண்ணைப் பார்த்துத்தான் ஒதுக்குவார். 24 பேருக்கு ஒரு பட்ஜெட், ஏழாயிரம் பேருக்கு ஒரு பட்ஜெட் இல்லையா?

அரசாங்கம் செய்யும்வரை நாம் சும்மா இருக்க முடியாது. அதனால் உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கடற்கரையில் இல்லை, ஏரிக்கரையில் இல்லை என்று தைரியமாக இருக்க வேண்டாம். சிம்னி ராக்காரர்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால், மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே கூடுதலாக ஒரு மாத மருந்து கையில் இருக்கட்டும். "மூணு நாள் சாப்பிடாட்டா என்ன ஆயிடும்?" என்று பெரியவர்கள் சொல்வார்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும். பிரஷருக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளைச் சட்டென்று விட்டால், முன்பு இருந்ததைவிட எகிறும். எந்த மாத்திரை அப்படிப்பட்டது என்று உங்கள் டாக்டரிடம் இன்றைக்கே கேட்டு, அட்டையில் வட்டம் போட்டு வையுங்கள்.

இன்சுலின் பற்றி ஒரு வார்த்தை. கரண்ட் போனதும் பதறிப்போய் ஐஸ் கட்டி மேல் நேராக வைத்துவிடாதீர்கள். உறைந்துபோன இன்சுலின் வேலைக்கு ஆகாது. நம் பாட்டி காலத்து மண்பானை போதும். ஈர மணலில் பானையை வைத்து, உள்ளே பிளாஸ்டிக் டப்பாவில் இன்சுலினை வைத்தால் வெளிச்சூட்டைவிட நன்றாகவே குளுமையாக இருக்கும். பல வகை இன்சுலின், கூடம் சூடாக இல்லாத வரை, சுமார் நாலு வாரம் வெளியில் தாங்கும். உங்களுடையது எத்தனை நாள் என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கும்.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. வெள்ளத்தில் சிக்கியவருக்கு நல்ல மனசோடு இளநீரும் வாழைப்பழமும் கொடுப்பார்கள். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். டயாலிசிஸ் தள்ளிப்போகும் நேரத்தில் அதுவே இதயத்தை நிறுத்தக்கூடும். உங்கள் சென்டர் மூழ்கினால் வேறு எங்கே போவது என்று, மழை வருவதற்கு முன்பே அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

தண்ணீர் வடிந்ததும் நம் வீட்டுப் பெண்கள் முதல் காரியமாக வீட்டைக் கழுவுகிறார்கள். சேற்றில் கால் வைக்குமுன் செருப்பு, கையுறை போடுங்கள். காலில் வெட்டுக்காயம் பட்டால் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று யோசியுங்கள். ஈரச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படரும். அந்த அறையில் ஆஸ்துமாக்காரரையோ கைக்குழந்தையையோ படுக்க வைக்க வேண்டாம். சுவர் காயும்வரை கூடத்தில் எல்லோரும் நெருக்கியடித்துப் படுத்தால் குடி முழுகிவிடாது.

பிறகு அந்த நாலாவது மாதம். அப்பா சரியாகத் தூங்குவதில்லை, சும்மா சும்மா எரிந்து விழுகிறார், நடக்கப் போவதை நிறுத்திவிட்டார் என்றால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், "டாக்டர், போன வருஷம் எங்க வீட்ல தண்ணி வந்துச்சு. அப்ப ஒரு வாரம் மாத்திரை விட்டுப்போச்சு. அதுக்கப்புறம்தான் இப்படி" என்று சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அந்தச் சீட்டு, மருந்துப் பட்டியல், ரத்த வகை, டாக்டரின் போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, பீரோவின் மேல் தட்டில் வையுங்கள். கீழ்த் தட்டில் வேண்டாம். செல்போனில் இருக்கிறதே என்பீர்கள். சார்ஜ் இல்லாத செல்போன் வெறும் கல். அப்பாவின் பழைய கண்ணாடி ஒன்று எங்கேயாவது கிடக்குமே, அதையும் தேடி அதே கவரில் போட்டுவிடுங்கள். புதுக் கண்ணாடி தண்ணீரோடு போய்விட்டால், மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்தை அவர் எதை வைத்துப் படிப்பார்?